இடது கையில் வாங்கிய காப்பி

என் மாமனாருக்குக் காப்பி கொடுப்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் மாமியார் செய்ததைப் பார்த்து நானும் பழகிக்கொண்டேன். காலை ஆறு மணிக்கு அவர் கோழிக் கொட்டகைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் கிழக்கே பார்த்து உட்காருவார். நான் பக்கவாட்டில் ஓரடி பின்தள்ளி நின்று, "காப்பிங்க மாமா" என்று டம்ளரை நீட்டுவேன். அவர் திரும்ப மாட்டார். வலது கை மட்டும் வந்து வாங்கிக்கொள்ளும். காலி டம்ளரைப் பிறகு நாற்காலிக் காலடியிலிருந்து எடுத்துக்கொள்வேன்.

ஆறு வருடம் இப்படி. அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு, மணிக்கட்டுக்கு மேலே வலைக்கம்பி கிழித்த தழும்பு. முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. மாமனார் எதிரே நின்று கண்ணைப் பார்த்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் மருமகள்களுக்கு வழக்கமில்லை. நான் எம்.எஸ்சி. படித்தவள், கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள். பார்க்கக்கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானாகவே பார்க்காமல் இருந்துவிட்டேன். நல்ல மருமகள் என்று பெயர் வாங்க எனக்கு ஆசை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீடு நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், பண்ணைக்குள்ளேயே இருக்கிறது. மூன்று கொட்டகை முட்டைக்கோழி. அவற்றின் சத்தம் பகல் முழுதும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது கேட்பதில்லை. ஏதாவது காரணத்தால் அவை சட்டென்று அடங்கும்போதுதான், இவ்வளவு நேரம் சத்தம் இருந்தது என்பதே தெரியும்.

இது நடப்பதற்கு ஒரு மாதம் முன்பு என் மகளுக்கு வாந்தியும் பேதியும் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினோம். அப்போது அவளுக்கு நான்கு வயது. புறங்கையில் ஊசி குத்தி, அட்டை வைத்துக் கட்டி, அந்தக் கையை அவள் தன்னுடையது இல்லை என்பதுபோல ஒதுக்கியே வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு நான் ஒவ்வொரு குழாயடியிலும் சோப்பு வைத்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, மறுபடியும் சந்தேகப்பட்டுக் கொதிக்க வைத்தேன். மாமியார் சிரிப்பார். "அம்மிணி, தண்ணியக் காச்சிக் காச்சி அதுல இருந்த உசுரே போயிருச்சு."

ஒரு சாயங்காலம் மாமனார் கொட்டகையிலிருந்து நேராக வாசலுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடலை உருண்டையை எடுத்து, என் மகளிடம் நீட்டினார். அவள் "அப்பாரு!" என்று ஓடினாள். தாத்தாவை எங்கள் பக்கத்துக் குழந்தைகள் அப்படித்தான் கூப்பிடும். நான் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேண்டாம் கண்ணு. அப்பாரு கை கழுவல. அது கோழிக் கை."

அவருக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்காது என்று நினைத்தும் சொல்லவில்லை. நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு விரல்கள் மூடின. அவர் திரும்பிப் போய் அந்த உருண்டையைக் காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு, கொட்டகைப் பக்கம் நடந்தார். ராத்திரி சாப்பாட்டின்போதும் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாதது புதிதில்லை. ஆனால் அன்று நான் தட்டைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை காப்பியில் டிகாஷன் கொஞ்சம் கூடுதலாக விட்டேன். சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். "பாப்பாளுக்கு உடம்பு சேராததால அப்படிச் சொல்லிட்டனுங்க மாமா, மனசுல வெச்சுக்காதீங்க." அடுப்படியிலிருந்து நாற்காலி வரை அதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

டம்ளரை நீட்டினேன். வலது கை மடியில் கிடந்தது. அது வரவில்லை. நான் காத்திருந்தேன். பிறகு இடது கை அவர் உடம்பைத் தாண்டிக் குறுக்கே வந்து டம்ளரைப் பிடித்தது. காப்பி தளும்பி வேட்டியில் சிந்தியது. அவர் துடைக்கவில்லை.

இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று தமிழ் படிக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை தீவன லோடு கொண்டுவந்த டிரைவர் அவசரத்தில் இடது கையால் சீட்டை நீட்ட, அதை வலது கைக்கு மாற்றும் வரைக்கும் வாங்காமல் நின்றவர் என் மாமனார். அந்த மனிதர் என்னிடம் இடது கையால் வாங்கினார். நீ கோழிக் கை என்று சொன்ன கை உன் டம்ளரைத் தொடாது என்று சொல்கிறார். அப்படித்தான் எனக்குப் புரிந்தது. வேறு விதமாகப் புரிந்துகொள்ள ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

வைத்திருந்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். முதலில் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. குழந்தைக்கு நோய் வந்தால் ராத்திரி விழிப்பது யார்? நான் என்ன பொய்யா சொன்னேன்? அந்தக் கோபத்தை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் உண்டு. அதனால்தான் மூன்று மணி நேரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

எட்டு மணிக்கு மாமியார் மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தார். வரும் வழியில் மாமனாரிடம், "வெயில் மூஞ்சிக்கு வருதுங்க, நாற்காலிய நவத்திப் போட்டுக்கோங்க" என்று சொன்னது எனக்குச் சமையலறையில் கேட்டது. பதில் கேட்கவில்லை. உள்ளே வந்து, "உங்க மாமனுக்கு இன்னைக்கு என்னமோ யோசனை. தலைய மட்டும் ஆட்டறாரு" என்றார். என்ன யோசனை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு இட்லி ஊற்றினேன்.

எட்டரைக்கு மாமனார் சாப்பிட வருவார். வரவில்லை. தட்டில் இட்லியை வைத்து இன்னொரு தட்டால் மூடினேன். சோற்றின் மேலுமா கோபம் என்று ஆத்திரமாக இருந்தது. மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாரு வாயத் தொறந்துட்டுத் தூங்கறாரு."

"தூங்கட்டும் சாமி. எறங்கு."

அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அதையும் அப்போது நினைக்கவில்லை. அன்று கொட்டகைகளில் சத்தம் குறைவாக இருந்ததாக இப்போது எனக்குத் தோன்றுகிறது. அது நிஜமாகவே குறைவாக இருந்ததா, பின்னால் நான் சேர்த்துக்கொண்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தீவனம் போட்ட நேரம் அது. சத்தம் இருந்திருக்க வேண்டும்.

விடியுமுன்பே நாமக்கல் போயிருந்த என் கணவர் ஒன்பதேகாலுக்குத் திரும்பி வந்தார். வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம், உடனே அவர் போட்ட சத்தம். "அப்பா! அப்பா! அம்மா, இங்க வா!" நாங்கள் ஓடினோம். மாமனார் நாற்காலியிலிருந்து வலது பக்கமாகச் சரிந்து, மோட்டார் ரூம் சுவரில் தோள் முட்டி நின்றதால் மட்டும் விழாமல் இருந்தார். வாயோரம் எச்சில் வழிந்து சட்டைக் காலர் நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது. நாற்காலிக் காலடியில் காப்பி டம்ளர் கவிழ்ந்து, கொட்டிய காப்பி மண்ணில் காய்ந்து போயிருந்தது. அதில் பாதிக்கு மேல் அவர் குடித்திருக்கவே இல்லை.

மகளைப் பண்ணையில் வேலை செய்யும் அக்காவிடம் விட்டுவிட்டுக் காரில் ஏறினோம். கணவர் ஓட்டினார். பின்சீட்டில் நடுவில் மாமனார், இரண்டு பக்கமும் மாமியாரும் நானும். மாமியார் அவர் வலது கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "வாதமாட்டத் தெரியுது. பள்ளிபாளையத்துப் பக்கம் ஒரு வைத்தியரு எண்ணெ போட்டு நீவி உடறாராம். அங்க போயிரலாம்டா."

"ஆஸ்பத்திரிக்கே போயிரலாமுங்க அத்தை. நேரம் ஆவக்கூடாதுங்க" என்றேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது பக்கவாதத்தைக் கண்டுபிடிக்க முதலுதவி வகுப்பு ஒன்றில் சொன்னது: முகம், கை, பேச்சு, நேரம். நான்கும் எனக்குப் பாடமாகத் தெரியும். குழந்தைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

நாங்கள் போனது டவுனில் இருந்த நடுத்தரமான ஆஸ்பத்திரி. ஸ்கேன் இருந்தது, மூளை நரம்பு டாக்டர் இல்லை. டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் அவரைப் பார்த்த மறு நிமிடமே ஸ்கேனுக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும் நர்ஸ் ஒரு இரும்புக் கம்பத்தை உருட்டிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நிறுத்தினார். அதன் உச்சியில் சிலேட்டு அளவுக்கு ஒரு திரை.

"பெரிய டாக்டர் கோயம்புத்தூர்ல இருக்காங்க. இதுல வந்து பார்ப்பாங்க" என்றார்.

மாமியார் என் காதில், "பொட்டிக்குள்ள இருந்துட்டு என்னத்தைப் பாப்பாங்க? நாடி புடிக்க வேண்டாமா?" என்றார்.

திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். வணக்கம் சொல்லிவிட்டு நேராகக் கேட்டார். "எத்தனை மணிக்கு ஆச்சு?"

"ஒம்பதேகாலுக்குப் பார்த்தனுங்க" என்றார் கணவர்.

"அது நீங்க கண்டுபிடிச்ச நேரம். அவர் நல்லா இருக்கிறதைக் கடைசியா யார் பார்த்தீங்க? எப்ப?"

"எட்டு மணிக்கு நான் பார்த்தனுங்க" என்றார் மாமியார். "நல்லாத்தான் உக்காந்திருந்தாரு."

"பேசினாரா?"

"அவரு கல்யாணத்தன்னைக்கே பேசலைங்க. தலைய ஆட்டினாரு."

டியூட்டி டாக்டர் லேசாகச் சிரித்தார். திரையில் இருந்தவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து நாற்பது. "எட்டுன்னு வெச்சா ரெண்டே முக்கால் மணி நேரம் ஆகப்போகுது. ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்லை. அடைப்புதான். அடைப்பைக் கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதைத் தாண்டிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம், உயிருக்கே ஆபத்தாகும். நமக்கு நேரம் இருக்கு. வேகமா ஒரு தடவை பார்த்துடறேன்."

நேரம் இருக்கு என்ற சொல்லைக் கேட்டதும் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்ஸ் மூலையிலிருந்த சின்ன ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு மருந்து டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"ஐயா, பல்லைக் காட்டுங்க" என்றது திரை. நர்ஸ் தன் பல்லைக் காட்டி, செய்யும்படி சைகை செய்தார்.

"எங்களுக்கே அவரு பல்லக் காட்ட மாட்டாருங்க" என்றார் மாமியார். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

மாமனார் வாயின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தது. "முகம் எப்பவும் இப்படியா, இப்பத்தானா?" என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு அந்த முகம் நேற்று எப்படி இருந்தது என்று தெரியவில்லை. மாமியார்தான், "இப்பத்தானுங்க" என்றார்.

"ரெண்டு கையையும் தூக்கிப் பிடிங்க சிஸ்டர். விடுங்க. பத்து வரைக்கும் எண்ணுங்க." நர்ஸ் இரண்டு கைகளையும் தூக்கி விட்டார். இடது கை நின்றது. வலது கை இரண்டு எண்ணுவதற்குள் படுக்கையில் விழுந்தது.

"ஒரு பேனாவை நீட்டுங்க. வாங்கறாரான்னு பார்ப்போம்."

நர்ஸ் அவருடைய வலது பக்கம்தான் நின்றிருந்தார். பேனாவை நீட்டினார். வலது கை கிடந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு இடது கை அவர் உடம்பைத் தாண்டிக் குறுக்கே வந்து பேனாவைப் பிடித்தது.

காலையில் நான் பார்த்தது இதேதான். அதே தாமதம், அதே குறுக்கு. ஆறு மணி. எட்டு இல்லை, ஆறு. ஆறு மணிக்கே அந்தக் கை வரவில்லை.

டியூட்டி டாக்டர் கணவரிடம் ஒரு தாளை நீட்டி எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பேனா முனையையே பார்த்தேன். சொன்னால் ஊசி போட மாட்டார்கள். சொல்லாவிட்டால் போடுவார்கள். அது கோபமாகவே இருந்துவிட்டால், நான் சொல்வதால் ஒரு மனிதரின் கையையும் பேச்சையும் பறித்தவள் ஆவேன். அது கோபம் இல்லையென்றால், நான் சொல்லாததால் அவர் உயிர் போகும். எதுவுமே தெரியாமல் அங்கே நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றும் நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"டாக்டர், ஆறு மணிக்கு…" என்றேன்.

"யார் பேசறது? கேட்கலை. கிட்ட வந்து சத்தமா சொல்லுங்க."

திரைக்குக் கிட்டே போக வேண்டுமானால் கட்டிலுக்கும் கம்பத்துக்கும் நடுவே போய், மாமனார் தலைமாட்டில் நிற்க வேண்டும். போய் நின்றேன். "ஆறு மணிக்குக் காப்பி கொடுத்தனுங்க. இடது கையில வாங்கினாரு."

"விட்டு விட்டு வருதும்மா. இன்னொரு தடவை."

"இடது கையில வாங்கினாருங்க! எப்பவும் வலது கையில வாங்குவாரு!" அந்த வார்டில் இன்னும் நான்கு கட்டில்கள் இருந்தன. எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏன் இதை முதல்லயே சொல்லலை?"

அதற்குப் பதிலையும் நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "கோவத்துல வாங்கறாருன்னு நெனச்சனுங்க. நேத்து… நேத்து நான் அவரு கை சுத்தமில்லைன்னு சொல்லிட்டேன். கோழிக் கைன்னு சொல்லிட்டேன்."

கணவர் கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மாமனாரும் பார்த்தார். தலையணையில் கிடந்த அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். கண் வெளிர் காப்பி நிறம். என் மகளுக்கு இருக்கும் அதே கண். இது யாரிடமிருந்து வந்தது என்று நான்கு வருடமாக என் அம்மா வீட்டில் எல்லோரும் பேசியிருக்கிறோம்.

மாமியார்தான் முதலில் பேசினார். "கோவந்தானுங்க டாக்டரம்மா! அவரு ரோசக்காரரு. ஒரு சொல்லு பொறுக்க மாட்டாரு. கோவத்துலதான் வாங்கியிருப்பாரு. நீங்க ஊசி போடுங்க!"

"கோபம் வந்தா இடது கையில வாங்கறது அவர் வழக்கமா? இதுக்கு முன்னாடி எப்பவாவது?"

மாமியார் நாற்பது வருடத்துக் கோபங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதுபோல நின்றார்.

"காப்பி சிந்துச்சாம்மா?" இது என்னிடம்.

"சிந்துச்சுங்க. தொடைக்கலைங்க."

"அதுக்கு முன்னாடி அவரை யார் பார்த்தது?"

"அஞ்சு மணிக்கு எந்திரிச்சு டார்ச் லைட்ட எடுத்துட்டுப் போனாருங்க" என்றார் மாமியார் மெல்ல. "வாரேன்னு சொல்லிட்டுப் போனாரு."

திரையில் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மாட்டிக்கொண்டார். "லேசா ஆரம்பிச்சு மெதுவா கூடியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சந்தேகம்னு வந்துட்டா பழைய நேரத்தைத்தான் எடுத்துக்கணும். அஞ்சு மணின்னா அஞ்சே முக்கால் மணி நேரம் ஆச்சு. இந்த ஊசி வேண்டாம். உடனே சேலத்துக்கு அனுப்புங்க. ரத்தக்குழாய்ப் படம் எடுத்து, கம்பி விட்டு அடைப்பை எடுக்க வழி இருக்கான்னு பார்க்கட்டும். நான் அங்க பேசறேன்."

நர்ஸ் மருந்து டப்பாவை எடுத்து மறுபடி ஃபிரிட்ஜில் வைத்தார். அதன் கதவு மெதுவாகத்தான் மூடியது.

ஆம்புலன்ஸில் மாமியார் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வந்தார். சேலத்தில் படம் எடுத்தார்கள். கம்பி போய் எடுக்கிற அளவுக்குப் பெரிய குழாயில் அடைப்பு இல்லை, சின்னக் கிளையில் இருக்கிறது, மாத்திரையும் பயிற்சியும்தான் என்றார்கள். அன்று சாயங்காலம் மகளைப் பார்க்க நான் மட்டும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். காம்பவுண்டுச் சுவர் மேல் அந்தக் கடலை உருண்டை இருந்தது. எறும்பு மொய்த்து, உருண்டையே அசைவதுபோலத் தெரிந்தது. அதைக் கையால் எடுத்து எறிந்துவிட்டு, கை கழுவ மறந்து குழந்தையைத் தூக்கினேன். அது ஞாபகம் வந்து ராத்திரி முழுதும் அவள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் அவரைக் கூட்டி வந்தார்கள். வலது கை செயலற்றுத் தொங்கியது. வலது கால் இழுத்து இழுத்து வந்தது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: "சரி." பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. தலையாட்டுவதையும் நம்பாதீர்கள், ஆமாம் இல்லை இரண்டும் அவருக்கு மாறி மாறி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பார்க்க உறவினர் வந்தார்கள். எல்லோருக்கும் மாமியார் ஒரே மாதிரி சொன்னார். "எட்டு மணின்னு நான் சொன்னேன். ஊசிய எடுத்து மேசை மேலயே வெச்சுட்டாங்க. அதுக்குள்ள…" அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். நான் காப்பித் தட்டோடு வந்து நிற்பேன். கணவரின் பெரியம்மா என்னைப் பார்த்து, "படிச்ச புள்ளைங்கல்ல? மணிய நிமிசத்தோட சொல்லிருச்சு" என்றார். புகழ்ச்சிபோலவே சொன்னார். நான் "பலகாரம் எடுத்துக்கோங்க பெரியத்தை" என்றேன்.

கணவர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு நாள், வண்டி துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "அந்தக் கை அப்படி வந்தப்ப, அப்பவே ஒரு வார்த்தை எனக்குப் போன் பண்ணியிருக்கலாமுல்ல?" ஊசி போடவிடாமல் செய்ததை அவர் கேட்கவில்லை. ஆறு மணிக்கும் ஒன்பதேகாலுக்கும் நடுவே இருந்ததைக் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து அதே டவுன் ஆஸ்பத்திரியில், அதே கம்பத்தில், அதே டாக்டர் அவரைப் பார்த்தார். மாத்திரைகளை மாற்றி எழுதினார். முடிந்ததும் மற்றவர்கள் வெளியே போக, நான் திரும்பி வந்து திரைக்கு முன்னால் நின்றேன். இந்த முறை அவருக்குக் கேட்டது.

"அன்னைக்கு நான் சொல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்குங்க?"

"தெரியாதும்மா. தெரியாததாலதான் போடலை" என்றார். பிறகு அடுத்த நோயாளி எந்த ஊரிலோ காத்திருந்தார் போலிருக்கிறது, திரை மாறிவிட்டது.

இப்போதும் காலை ஆறு மணிக்கு அவருக்குக் காப்பி நான்தான் கொடுக்கிறேன். பக்கவாட்டில் நிற்பதில்லை. எதிரே குனிந்து, முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறேன். வாய் எந்தப் பக்கம் கோணுகிறது, நேற்றைவிடக் கூடவா, கண் இரண்டும் ஒன்றாகத் திரும்புகிறதா என்று பார்க்கிறேன். இடது கை வந்து வாங்குகிறது. ஒருநாள் யாரும் பக்கத்தில் இல்லாதபோது கேட்டேன்.

"அன்னைக்கு எம்மேல கோவமாங்க மாமா?"

"சரி" என்றார்.

"இல்ல, கை வராமப் போச்சுங்களா?"

"சரி."

அவர் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. அவருக்குப் பதில் தெரியும் என்றே நினைக்கிறேன். அதை வெளியே எடுக்க அவரிடம் வழி இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார். இன்னொரு தடவை இல்லை என்பதுபோல. எது எந்தக் கேள்விக்கு என்பதே எனக்குக் குழம்பிவிட்டது.

போன வாரம் மாமியார் அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் காப்பியை நீட்டினேன். அவர் கூடத்து டி.வி.யைப் பார்த்தபடியே இடது கையை நீட்டி வாங்கினார்.

நான் அங்கேயே நின்றேன். "அத்தை, ரெண்டு கையையும் தூக்குங்க."

"என்ன?"

"ரெண்டு கையையும் முன்னால நீட்டித் தூக்குங்க."

"சோத்துக் கையில வெங்காயம் உரிச்சிருக்கறேன் அம்மிணி. நாறுமேன்னு இந்தக் கையில வாங்கினேன்." என் முகத்தைப் பார்த்தார். அவர் குரல் மாறியது. "கோவத்துல வாங்கறேன்னு நெனச்சுக்கோயேன். உனக்குத்தான் அப்படி நெனைக்கத் தெரியுமே."

நான் நகரவில்லை. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் மகள் அவள் அப்பாருவிடம் ஏதோ கதை சொல்ல, அவர் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமியார் பிறகு டம்ளரைத் தரையில் வைத்தார். வெங்காயத் தோல் ஒட்டியிருந்த கையையும் மற்றக் கையையும் எனக்கு நேராக நீட்டி உயர்த்தினார்.

நான் எண்ணினேன். ஏழு எண்ணும்போது வலது கை கொஞ்சம் இறங்கியதுபோல இருந்தது. வயதானவர், சோர்வாக இருக்கலாம். மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன். அவர் கையை இறக்கவில்லை.